ஓடைக்கு விட்ட இடத்தில் என் குசினி

எனக்கு எழுபத்து நாலு வயசு. பெத்தது நாலு, வளர்த்தது ஆறு. மிச்ச ரெண்டும் என் தங்கச்சி பிள்ளைகள். அவள் சின்ன வயசிலேயே போய்விட்டாள். அவள் பிள்ளைகளையும் என் பிள்ளைகளோடு சேர்த்து தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே அறைக் காம்பராவில், ஒரே கம்பளிக்குள் போட்டு வளர்த்தேன். ஆறு பேரும் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப் போகிறதைப் படித்துவிட்டு, இவள் வாழ்நாள் முழுக்க இப்படித்தான் இருந்திருப்பாள் என்று யாரும் நினைக்கக் கூடாது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் மூணாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். அதற்குப் பிறகு எழுதினது என்றால் சம்பளச் சீட்டில் கையெழுத்து, பிள்ளைகளின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் கையெழுத்து, அவ்வளவுதான். கைநாட்டு வைக்க மாட்டேன் என்று அந்தக் காலத்திலேயே பிடிவாதம். இந்தக் கொப்பியை எழுதி முடிக்க எனக்கு மூணு வாரம் ஆகும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சில நாள் அரைப் பக்கம். பேத்தி, "சொல்லுங்க அப்பாயி, நான் எழுதுறேன்"னு கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செய்தது இந்தக் கை. எழுதுவதும் இதுவே எழுதட்டும்.

முப்பத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். என் நிரையில் மட்டம் தப்பாது. செடிக்கு மேலே மட்டக்கம்பைப் போட்டுப் பார்த்தால் ஒரு இலை கூடுதலாகத் தலை நீட்டாது. மலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா புதுசாக வந்த பொம்பளைகளை என் நிரைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "இப்பிடி எடுக்கணும்"னு காட்டுவார். கூடையில் தண்ணி தெளித்து நிறை கூட்டுகிறவர்கள் இருந்தார்கள். நான் ஒரு நாளும் செய்ததில்லை. "அவ கூடைய நிறுக்கவே வேணாம், அவ சொன்னாப் போதும்" என்று கங்காணி சொல்வார். அந்தப் பேச்சை நான் நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தேன்.

தோட்டத்து வேலையை விட்டு நின்ற பிறகு நானும் மூத்தவனும் சேர்ந்து இந்தக் காணியை வாங்கினோம். கொட்டகலையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ரோட்டோரத்துச் சின்ன டவுன். முன்னால் பஜார். பின்னால் ஓடை. எங்கள் தோட்டத்து மலையிலிருந்து இறங்கி வருகிற அதே ஓடைதான். மேலே தேயிலைக்குள் கண்ணாடி மாதிரி ஓடும். டவுனுக்குள் வந்ததும் கறுத்துப்போய், சொப்பிங் பேக்கெல்லாம் இழுத்துக்கொண்டு வரும். ஆனாலும் ஓடை ஓடைதான். பிரதேச சபையில் அதற்கென்று தனியாகச் சட்டம் வைத்திருந்தார்கள்.

அந்தச் சட்டத்தை எனக்கு முதலில் சொன்னது அளக்க வந்த மிஸ். சிங்களப் பிள்ளை, என் கடைசி மகள் வயசு. கையில் டேப், தலையில் தொப்பி. வீட்டுப் படத்தைப் பார்த்து முன்பக்கம் எல்லாம் சரி என்று சொன்னது. பின்பக்கம் வந்ததும் நின்றது. ஓடைக் கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்கு ஒன்றும் கட்டக் கூடாது, மதில் வைக்கக் கூடாது, மண் போட்டு நிரப்பவும் கூடாது என்று சொல்லி, தலையில் சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு சிமெந்துக் கல்லை நடச் சொன்னது. கல்லில் ஒரு சிங்கள எழுத்து வெட்டியிருந்தது. என் முழங்கால் உயரம் இருக்கும். எதிர்க்கரையிலும் அதே அளவில் ஒரு கல் நட்டார்கள். என் காலால் அளந்து பார்த்தேன். கரையிலிருந்து கல்லுக்கு இருபத்திரண்டு எட்டு.

"காணி எங்களுது மிஸ். உறுதி இருக்கு"னு சொன்னேன்.

"காணி ஒங்கட தான் அம்மா. ஆனா கட்ட ஏலாது. மரக்கறி நடலாம், பூ நடலாம்."

"வெயில் காலத்துல அங்க தண்ணியே வராது. சும்மாதானே கெடக்கு?"

அந்தப் பிள்ளை சிரித்தது. அதற்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னது: "அம்மா, மழ வந்தா இந்தத் தண்ணி எங்க போறது? இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் வந்து படுக்கிறது. பொறகு எழும்பிப் போறது. அது படுக்க எடம் வேணும்தானே?"

எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று இப்போது சொன்னால் அது இன்னொரு பொய். தோட்டத்தில் மழைத் தண்ணி இறங்கக் கான் வெட்டுவது எதற்கு என்று தெரிந்தவளுக்கு இது விளங்காதா? விளங்கியும் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறந்ததிலிருந்து எவனோ அளந்து கட்டின பத்தடிக் காம்பராவில் கிடந்தவள் நான். அடுப்பும் அங்கேயே, பிள்ளை பெறுவதும் அங்கேயே. கடைசிக் காலத்தில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கினால், அதிலும் ஒருத்தர் வந்து கல்லை நட்டு இதற்கு மேலே வராதே என்கிறார்கள்.

எனக்கு ஒரு குசினி வேண்டும் என்று ஆசை. ஆசைக்குக் காரணம் இருக்கிறது. லயத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. இடம் போதாது. சின்னதுகள் முதலில், பெரியதுகள் பிறகு, நான் கடைசியில் நின்றுகொண்டே. தீபாவளி அன்றைக்கும் அப்படித்தான். ஆறு பிள்ளைகளையும் மருமக்களையும் பேரப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து என் கையால் சோறு போட வேண்டும் என்று எத்தனையோ வருஷம் மனசுக்குள் அந்தக் குசினியைக் கட்டிப் பார்த்திருக்கிறேன். நீளமாக, ஜன்னலோடு. அந்த நீளம் வர வேண்டுமென்றால் கல் நின்ற இடத்தில்தான் அடுப்பு வர வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. மகன் ஓட்டோ ஓட்டப் போய்விட்டான். மருமகள் கிளினிக். அலவாங்கை எடுத்துக்கொண்டு போய்க் கல்லைச் சுற்றித் தோண்டினேன். ஈர மண், லேசாக ஆடியது. ஈரச் சாக்கில் சரித்து, கொழுந்துச் சாக்கு இழுக்கிற மாதிரி ஓடைப் பக்கம் இழுத்தேன். தண்ணிக்குள் தள்ளிவிடலாம் என்றுதான் இழுத்தேன். கரையில் ஒரு முள்முருங்கை மரம் நின்றது. அதனடியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

எங்கள் தோட்டங்களில் ஒவ்வொரு மலைக்கும் ஒரு சாமி உண்டு. கோயில் எல்லாம் இல்லை. செடிக்குள்ளே ஒரு கல். கவ்வாத்து வெட்டத் தொடங்குகிற அன்றைக்கு அந்தக் கல்லைக் கழுவி மஞ்சள் பூசி, கும்பிட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள். மஞ்சள் பூசின கல்லை யாரும் தாண்ட மாட்டார்கள், நகர்த்த மாட்டார்கள். புதுசாக ரோடு வெட்டினால் ரோடு அதைச் சுற்றிக்கொண்டு போகும். தொரையே வந்தாலும் தொப்பியைக் கழற்றிவிட்டு விலகி நடப்பார். ஒரு கல்லை யாரும் தொடக் கூடாது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அந்தக் கல்லை முள்முருங்கைக்குக் கீழே ஆழமாக நட்டேன். வீட்டுக்கு ஓடி மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்தேன். சிவப்புப் பெயின்டும் வெட்டின எழுத்தும் மறைகிற வரைக்கும் தடிப்பாகப் பூசினேன். மஞ்சள் துணி கட்டினேன். எலுமிச்சம்பழம் வைத்தேன். எல்லாம் முடிந்ததும் பழக்கத்தில் என் கை தானாகக் கும்பிட்டுவிட்டது. திருடின கல்லை நானே கும்பிட்டேன்.

சாயங்காலம் மகன் வந்து பார்த்தான்.

"அம்மா, இங்க ஒரு கல்லு நின்னுச்சே?"

"மழையில போயிருக்கும்."

"எங்கம்மா மழ பெஞ்சுச்சு?"

"ஏன், நீ காவலுக்கு நின்னியா? அங்க மரத்தடியில நம்ம பழைய மலச்சாமிய கொண்டாந்து வெச்சிருக்கேன். போய்க் கும்பிட்டுட்டு வா."

அவன் போனான். கும்பிட்டானோ என்னமோ தெரியாது. திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் முகம் கழுவினான். அவனுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அம்மா ஒரு காரியம் செய்துவிட்டாள், இனி வாயைத் திறந்தால் அம்மாவுக்கு அவமானம், அதுதான் அவன் பேசாததற்குக் காரணம்.

ஒரு மாசம் கழித்து அந்த மிஸ் மறுபடியும் வந்தது. அப்போது குசினிக்கு அத்திவாரம் போட்டுக்கொண்டிருந்தோம். கல்லைத் தேடியது. காணவில்லை. என்னைப் பார்த்தது. நான் மரத்தடியைக் காட்டி, "இது எங்க சாமி மிஸ். எங்க அப்பா காலத்துலேருந்து மலையில இருந்துச்சு. மலை காடாப் போச்சு, அதான் இங்க கொண்டு வந்துட்டோம். குசினி சாமிக்குப் பக்கத்துல இருந்தா எங்களுக்கு நல்லது"ன்னு என்னென்னமோ சொன்னேன். அந்தப் பிள்ளை மரத்தடியைப் பார்த்தது. பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெள்ளை மேஸோடு அந்தச் சேற்றில் நாலு எட்டு நடந்து போய்க் கல்லுக்கு முன்னால் நின்று கும்பிட்டது. திரும்பும்போது மேஸெல்லாம் சேறு. "சாமி கிட்ட நான் ஒண்டும் செய்ய ஏலாது அம்மா. ஆனா இது சரி இல்ல"ன்னு மட்டும் சொல்லிவிட்டுப் போனது.  அதற்காகக் கட்டுகிறதை நிறுத்தினேனா என்றால், இல்லை.

குசினி எழுந்தது. தண்ணி அரிக்காமலிருக்க ஓடைப் பக்கம் பெரிய கருங்கற்களாகப் போட்டு அணை கட்டினோம். இடையில் நாலு லொறி மண் கொட்டினோம். இருபத்திரண்டு எட்டில் எனக்குப் போக ஓடைக்கு மிஞ்சினது மூணு எட்டு. அந்த மூணு எட்டில்தான் முள்முருங்கையும் சாமியும்.

அந்தத் தீபாவளிக்கு இருபத்தொரு பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆட்டிறைச்சிக் குழம்பும் சோறும். நான் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு எனக்குக் குற்ற உணர்ச்சி ஒன்றும் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அன்றைக்கு என்னோடு சேர்ந்து பரிமாறினவள் எதிர்க்கரைக்காரி. அவளைப் பற்றி இவ்வளவு நேரம் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

அவள் என்னை விட ஆறேழு வயசு சின்னவள். ஒரே தோட்டம், ஒரே லயம், மலையில் என் பக்கத்து நிரை. புருஷன் இல்லை. ஒரே மகள், வெளிநாட்டில் வீட்டு வேலை. நாங்கள் இங்கே வருவதற்கு முன்னாலேயே எதிர்க்கரையில் சின்னதாக ஒரு வீடு போட்டு, பின்னால் லீக்ஸ், கோவா என்று மரக்கறி நட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்துக் கல் நட்ட இடத்திலேயே நின்றது. அதைத் தாண்டி ஓடைப் பக்கம் அவள் ஒரு நாற்றுக்கூட நட்டதில்லை. "ஏன்டி, சும்மாதானே கெடக்கு, நடேன்"னு நான் ஒரு தரம் கேட்டேன். "மிஸ் வேணாம்னு சொல்லிருச்சேக்கா"ன்னு சொன்னாள். அவ்வளவுதான் அவளுக்குச் சட்டம்.

எங்கள் ரெண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைப் பாலம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் எண்ணெய்ப் போத்தலும் திரியுமாக அந்தப் பலகையில் வந்து சாமிக்கு விளக்கேற்றுவாள். மகள் திரும்பி வர வேண்டும் என்று நேர்த்தி வைத்தாள். ரெண்டு வருஷமாகப் பேச்சு மூச்சு இல்லாமல் இருந்த மகள், ஒரு நாள் ஹட்டன் பஸ்ஸிலிருந்து பெட்டியோடு இறங்கி வந்து நின்றாள். அதோடு சாமிக்குப் பேர் வந்துவிட்டது. ஓட்டோக்காரர்கள் புது ஓட்டோவை இங்கே கொண்டுவந்து எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் பேனையை வைத்துக் கும்பிட்டார்கள். பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா என்னைக் கண்டால் விட மாட்டார்.

"அக்கா, ஒங்கட சாமி வந்த பொறகு எனக்குச் சூடம் கொண்டு வந்து முடியுதில்ல. எங்கட கடைக்கும் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க."

"நீங்களே வந்து சொல்லுங்க நானா."

"எனக்குப் பள்ளிவாசல்ல வேற ஒருத்தன் இருக்கான். ரெண்டு எடத்துல சொன்னா ரெண்டு பேரும் கோவிப்பாங்க."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கல்லுக்கு முன்னால் உதடு அசைத்துக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியாது. மஞ்சளுக்குள்ளே சிவப்புப் பெயின்ட் இருக்கிறது என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

பிறகு அந்தப் பெரிய மழை வந்தது. மூணு நாள் விடவில்லை. ரயில் நின்றது, ரோடு இடிந்தது. மூணாம் நாள் காலையில் ஓடையில் இருந்த சத்தம் ஓடைச் சத்தமே இல்லை. மேலேயிருந்து பாறை உருளுகிற மாதிரி. நான் என் குசினி ஜன்னலில் நின்றேன். தண்ணி வந்து என் அணையில் மோதியது. அணை அசையவில்லை, அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தோம். மோதின தண்ணிக்கு இந்தப் பக்கம் படுக்க இடமில்லை. அப்படியே திரும்பி எதிர்க்கரைக்கு ஏறியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் வேலி. பிறகு லீக்ஸ் பாத்தி, பாத்தியோடு கல். பிறகு ஆட்டுக்கொட்டில். ஆடு கத்தினது மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, வாய் திறந்தது மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் வீட்டுப் பின்சுவர் ஈர ரொட்டி மாதிரி உட்கார்ந்தது.

அவளும் மகளும் மேசைக்கு மேலே ஏறி நின்றிருக்கிறார்கள். நானாவின் பிள்ளைகளும் ஓட்டோக்காரர்களும் கயிறு கட்டி ரோட்டுப் பக்கமாக இழுத்து எடுத்தார்கள். உயிர் போகவில்லை. போகவில்லை என்று எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு மேலே ஆறுதல் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை.

மழை விட்டு முதல் வெள்ளிக்கிழமை. பலகைப் பாலம் போய்விட்டது. அவள் பஜார் வழியாகச் சுற்றிக்கொண்டு, யாரோ கொடுத்த சீலையில், ஒரு தேங்காயோடு வந்தாள்.

"சாமி அசையலக்கா. பாத்தீங்களா? அம்புட்டுத் தண்ணியில கல்லு அப்பிடியே நிக்குது. அதுதான் என்னையும் புள்ளையையும் காப்பாத்துச்சு"ன்னு சொல்லித் தேங்காயை உடைத்தாள். எனக்கும் ஒரு சில்லு கொடுத்தாள். வாயில் போட்டேன்.  அவள் போன பிறகு துப்பினேன்.

அப்போதும் சொல்லவில்லை. அவளுக்குச் சுவர் கட்ட நம் வீட்டு ஆட்களை அனுப்பலாம், ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிக் கொடுக்கலாம், அப்படியே சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். சுவரை அவர்கள் கட்ட விட்டிருந்தால் இன்றைக்கும் சொல்லியிருக்க மாட்டேனோ என்னமோ.

அந்த மிஸ் மறுபடியும் டேப்போடு வந்தது. ஓடை ரெண்டு கரையையும் அளந்தார்கள். எதிர்க்கரை அரித்துப்போய், கரை இப்போது அவள் வீட்டுக்குக் கிட்டே வந்துவிட்டது. கரையிலிருந்து அளந்தால் அவள் வீடு முழுக்கக் கட்டக் கூடாத இடத்துக்குள். சுவர் கட்ட அனுமதி கிடையாது, அங்கே இருக்கவும் கூடாது, வேறு எங்காவது இடம் பார்த்துக்கொடுக்கும் வரைக்கும் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அவளுக்கு அது விளங்கவே இல்லை.

"நான் கல்லத் தாண்டி ஒரு நாத்துகூட நடலயே மிஸ்?"

"தெரியும் அம்மா. ஆனா இப்ப கரை இங்கதானே. ஒங்கட பக்கத்துக் கல்லும் போச்சு. அந்தப் பக்கத்துக் கல்லு இருந்தா, அதிலேருந்து அளந்து பழைய கரை எங்கன்னு காட்ட ஏலும். ஓடை தானா மாறல்ல, மாத்தினதுன்னு எழுத ஏலும். அப்ப ஒங்கட எடத்துக்குக் கதைக்க ஏலும். அந்தக் கல்லும் இல்லையே."

அதைச் சொல்லும்போது மிஸ் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது. நான் மரத்தடியைப் பார்த்தேன். சட்டப்படி நின்றவள் இன்றைக்குச் சட்டத்துக்கு வெளியே. சட்டத்தைப் பிடுங்கி நட்டவள் குசினி ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்கிறேன்.

ரெண்டு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. மூணு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை விசாரணை. கல் எங்கே இருந்தது என்று தெரிந்தவர்கள் எழுத்தில் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. அன்றைக்குத்தான் பேத்தியிடம் இந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கினேன்.

எழுதத் தொடங்கினேனே தவிர, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் சபைக்குப் போய்ச் சொல்வது சரியில்லை என்று பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வருகிற நேரத்துக்கு ஒரு வாளித் தண்ணியும் தேங்காய்த் தும்பும் எடுத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தேன்.

"என்னக்கா, சாமியக் குளிப்பாட்டுறீங்களா? சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல."

"இரு. அங்கயே நின்னு பாரு."

தேய்த்தேன். ஆறு வருஷத்து மஞ்சள், படை படையாக உரிந்தது. முதலில் சிவப்பு தெரிந்தது.

"அது என்னக்கா செவப்பு?"

"பெயின்ட்டு."

பிறகு எழுத்து தெரிந்தது. அவள் பக்கத்துக் கல்லில் அதே எழுத்தை அவள் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். குனிந்து விரலால் தடவினாள். நிமிரவில்லை.

"இது மிஸ் நட்ட கல்லு. நான்தான் புடுங்கி இங்க வெச்சேன். குசினிக்கு எடம் வேணும்னு. தண்ணி ஒன் பக்கம் வந்தது என்னாலதான்."

கல்லிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு, "அப்ப எம் மக?"ன்னு கேட்டாள்.

"ஒம் மக தானா வந்தா. இந்தக் கல்லுக்காக வரல."

"நான் இங்க நின்னுதானக்கா கேட்டேன். எத்தன வெள்ளிக்கெழம. நீங்க அந்த ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அது ஒரு பதிலா?

"காலையில பேர் குடுக்கிற பெரட்டுல நான் ஒங்களுக்குப் பின்னாடிதான் நிப்பேன்"னு அவளே தொடர்ந்தாள். "நீங்க எந்த நெரைக்குப் போறீங்களோ அதுக்குப் பக்கத்து நெரைய கங்காணிக்கிட்ட கேட்டு வாங்கிப்பேன். அந்த அக்கா பக்கத்துல நின்னா நம்ம வேலையும் சுத்தமா இருக்கும்னு."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.  "எங்க நின்னுச்சு இந்தக் கல்லு? காட்டுங்க"ன்னு கேட்டாள்.

குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனேன். அடுப்பைக் காட்டினேன். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், தீபாவளிக்கு வாளியோடு நின்ற அதே இடம். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

"இங்கேருந்து என் வீடு நல்லாத் தெரியுது"ன்னு சொன்னாள்.

 எண்ணெய்ப் போத்தலை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டு, பஜார் வழியாகப் போய்விட்டாள். போத்தல் இன்னும் அங்கேயே இருக்கிறது. யாரையும் தொட விடவில்லை. அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வரவும் இல்லை.

மகனிடம் சொன்னேன். "சொன்னீங்கன்னா குசினிய ஒடச்சிருவாங்கம்மா"ன்னு சொன்னான்.

"ஒடைக்கட்டும்."

"அணையையும் எடுக்கச் சொல்லுவாங்க. நமக்குத் தண்டமும் வரும்."

"வரட்டும். நீ அன்னைக்கே என்னைய ரெண்டு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனேம்மா. மழையில போச்சுன்னு சொன்னீங்களே"ன்னான். 

கல்லை இப்போது எல்லாரும் வந்து பார்க்கிறார்கள். நேற்று நானாவும் வந்தார். "என்னக்கா, சாமி எங்க போய்ட்டாரு? வெறுங்கல்லு நிக்குது"ன்னு சிரித்தார். "சாமி வரவே இல்ல நானா. இது சபைக் கல்லு. நான் களவெடுத்தது"ன்னு சொன்னேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் தான் போட்டிருந்த தொப்பியைச் சரி செய்துகொண்டு, "நாளைக்கழிச்சு சபைக்குப் போக ஓட்டோ வேணும்னா சொல்லுங்க, நானும் வாறேன்"னு சொல்லிவிட்டுப் போனார். முதல் தரம் ஒரு வேற்று மனுஷரிடம் அதைச் சொல்லிவிட்டேன். 

சபையில் சொல்ல வேண்டியதை இங்கே ஒரே இடமாக எழுதுகிறேன். கல் நின்றது என் அடுப்புக்குக் கீழே, ஜன்னல் பக்கச் சுவரிலிருந்து ரெண்டு எட்டு உள்ளே. பழைய கரை அதிலிருந்து என் காலுக்கு இருபத்திரண்டு எட்டு. முள்முருங்கை பழைய கரையில் நின்ற மரம், அதை நான் நடவில்லை, அதையும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அணையும் மண்ணும் நாங்கள் போட்டது. கல்லைப் பிடுங்கினது நான் மட்டும்தான், என் மகனுக்கு அதில் கை இல்லை. எதிர்க்கரைக்காரி ஒரு விரல்கூடச் சட்டத்தைத் தாண்டவில்லை. அவள் வீட்டை அவளுக்கு விட வேண்டும். குசினியை உடைக்கிற அன்றைக்கு அடுப்பை நானே பிரித்துக் கொடுக்கிறேன், வேறு யாரும் கை வைக்க வேண்டாம்.

அவள் என்னை மன்னிப்பாளா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்குக் காலையில் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பின்சுவர் இல்லாத வீட்டில் மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் நிற்பது தெரிந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

விடிந்தால் செவ்வாய்க்கிழமை. என் எழுத்து எனக்கே சில இடத்தில் தெரியவில்லை. சபையில் யாராவது தடுமாறி வாசித்தால் வேறு மாதிரிக் கேட்டுவிடும்.

ஏய் புள்ள, இங்க வா. பெரிய லைட்டப் போடு. இந்தக் கொப்பிய ஆரம்பத்துலேருந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. சத்தமா, நிறுத்தி வாசி. ஒங்க அப்பாயியப் பத்திக் கேவலமா ஏதும் வந்தா முழுங்கிராத. நீ அந்த வரிசையில ஏழாவதா ஒக்காந்து சாப்புட்டவ, அதனால ஒனக்கும் தெரியணும். கல்லுன்னு வர்ற எடத்துல மட்டும் ரெண்டு தரம் வாசி.